டிக்கியில் ஊஃபர் வந்த கதை



இது கொஞ்சம் நீளமான பதிவு. கார் வெச்சிருக்கிறவங்க, பாட்டுப் பிரியர்கள், ரெண்டும் இல்லாம காது மட்டும் இருக்கிறவங்க, எல்லோருக்கும் பொருந்தும். டீ ஒன்றைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் என் சித்தப்பா மகன் போன் செய்தான். புது கார் எடுத்து ஆறு மாதம் ஆகிறது.

"அண்ணே, கம்பெனி ஸ்டீரியோவை கழட்டாம, டிக்கியில ஒரு ஊஃபர் மட்டும் போடலாம்னு இருக்கேன். காதுக்கு கெடுதலா? கடையில 40 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் ஓடவிட்டுக் காட்டினாங்க. நெஞ்சே அதிருது. ஆனா போன்ல டெசிபல் ஆப் வெச்சுப் பாத்தேன், வெறும் 70தான் காட்டுது. அப்போ பிரச்சனை இல்லதானே?"

நல்ல கேள்வி. நெஞ்சு அதிருது, ஆனா மீட்டர் 70 காட்டுது. 70 டெசிபல் என்பது வீட்டில் வாக்குவம் கிளீனர் ஓடும் சத்தம். அதற்கு நெஞ்சு அதிராது. அப்போ நெஞ்சு பொய் சொல்லுதா, மீட்டர் பொய் சொல்லுதா?

ரெண்டுமே பொய் சொல்லலை. ஏன் என்று புரிய, நாம் கிட்டத்தட்ட நூறு வருஷம் பின்னால் போகணும். வாங்க.

*

1930. அமெரிக்காவின் சிகாகோ நகரம்.

முந்தைய ஆண்டுதான் பங்குச் சந்தை சரிந்து நாடே முடங்கிக் கிடக்கிறது. பால் கால்வின் என்பவர் ஒரு சின்ன கம்பெனி நடத்துகிறார். பேட்டரியில் ஓடும் வீட்டு ரேடியோக்களை கரண்ட்டில் ஓட்ட உதவும் கருவியைச் செய்து விற்பது தொழில். கரண்ட்டிலேயே ஓடும் ரேடியோக்கள் வந்துவிட்டதால் அந்தத் தொழிலும் படுக்கப் போகிறது. புதுசா ஏதாவது செய்தே ஆகணும்.

காரில் ரேடியோ வைத்தால் என்ன?

கேட்க எளிது. அன்றைய ரேடியோ கண்ணாடி வால்வுகளில் ஓடுவது. குலுங்கினால் போச்சு. என்ஜினின் ஸ்பார்க் பிளக் போடும் ஒவ்வொரு பொறியும் ரேடியோவில் 'கரகர'வென்று கேட்கும். இதையெல்லாம் சமாளிக்க வில்லியம் லியர், எல்மர் வேவரிங் என்ற இரண்டு இளைஞர்கள் கால்வினுக்குத் துணையாக இருந்தார்கள்.

1930 ஜூனில் அட்லாண்டிக் சிட்டியில் ரேடியோ உற்பத்தியாளர்கள் மாநாடு. ஸ்டால் எடுக்கக் காசில்லை. கால்வின் தன் ஸ்டுடிபேக்கர் காரை வெளியே நிறுத்தி, ரேடியோவைச் சத்தமாக வைத்து, போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். ஆர்டர் கிடைத்தது. அந்த ரேடியோவுக்கு அவர் வைத்த பெயர் மோட்டோரோலா. ஆமாம், உங்கள் கையில் இருந்த அதே மோட்டோரோலாதான். விலை 110 முதல் 130 டாலர். பொருத்துவதற்கு டாஷ்போர்டைப் பிரிக்கணும், பேட்டரி வைக்க தரையில் ஓட்டை போடணும்.

மோட்டோரோலா பற்றிச் சொல்லப்படும் ஒரு பழைய கதை உண்டு. கடன் கேட்டுப் போன கால்வின், வங்கிக்காரரை அசத்துவதற்காக அவருடைய பேக்கார்ட் காரிலேயே ஒரு ரேடியோவைப் பொருத்திக் கொடுத்தாராம். அரை மணி நேரத்தில் கார் தீப்பிடித்துவிட்டது. கடன் கிடைக்கவில்லை.

இந்தக் கதையை ஞாபகம் வெச்சுக்கோங்க. கடைசியில் ஒரு ஃபியூஸ் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

இங்கே கவனிக்க வேண்டியது, கார் ஆடியோ பிறந்ததே வெளியே வாங்கிப் பொருத்துகிற பொருளாகத்தான். "கம்பெனி செட்" பிறகு வந்தது. ஆசைப்பட்டவர்கள் காரைப் பிரித்து ஒன்றைச் செருகுவார்கள். சில வருஷம் கழித்து கம்பெனிக்காரர்கள் அதையே உள்ளே வைத்து விற்பார்கள். இந்தக் கதை நெடுக இதுதான் திரும்பத் திரும்ப நடக்கும்.

*

கால்வின் காரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், வேறொரு கூட்டம் காதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் டாக்டர்கள் இல்லை. டெலிபோன்காரர்கள்.

அமெரிக்காவின் பெல் டெலிபோன் நிறுவனத்துக்கு ஒரு கேள்விக்கு விடை வேண்டியிருந்தது: மனிதக் காது எதை, எவ்வளவு கேட்கிறது? அது தெரிந்தால்தானே கம்பியில் எதை அனுப்பணும், எதை விட்டுவிடலாம் என்று முடிவு செய்ய முடியும்?

1933ல் அங்கே வேலை பார்த்த ஹார்வி ஃபிளெட்சர், வைல்டன் மன்சன் இருவரும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 1000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றையும், வேறு சுருதியில் இன்னொரு ஒலியையும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்து, "ரெண்டும் ஒரே சத்தமா இருக்கா?" என்று கேட்பது. அவ்வளவுதான் பரிசோதனை. முடிவு ஆச்சரியமானது.

நம் காது அடி ஒலிகளுக்குக் கிட்டத்தட்ட பாதிச் செவிடு.

இன்றைய சர்வதேசத் தரநிலைப்படி சொல்கிறேன். 1000 ஹெர்ட்ஸ் ஒலியை நல்ல காது 2 அல்லது 3 டெசிபல் இருந்தாலே கேட்டுவிடும். 40 ஹெர்ட்ஸ் ஒலி கேட்க ஆரம்பிக்கவே சுமார் 51 டெசிபல் வேணும். 20 ஹெர்ட்ஸ் என்றால் 78 டெசிபலுக்கு மேல் வேணும். 78 டெசிபல் அழுத்தம் காற்றில் இருந்தும், காது "என்ன, ஏதாவது சத்தம் கேட்டுச்சா?" என்று கேட்கும்.

இதில் இயற்கைக்கு ஒரு நியாயம் இருக்கு. நம் இதயத் துடிப்பும், ரத்தம் ஓடும் சத்தமும், தசை அசைவும் எல்லாம் அடி ஒலிகள். காது அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் ராத்திரி தூங்க முடியுமா?

இந்த ஆய்வை வைத்துத்தான் சத்தம் அளக்கும் மீட்டர்கள் உருவாயின. காதுக்கு எது குறைவாகக் கேட்கிறதோ, அதை மீட்டரும் குறைத்தே எண்ணும்படி வைத்தார்கள். அதற்கு 'ஏ எடையிடல்' என்று பெயர். இன்றைக்கு உங்கள் போனில் இருக்கும் டெசிபல் ஆப்பும் பெரும்பாலும் இந்த ஏ கணக்கில்தான் காட்டும்.

இந்தக் கணக்கில் 40 ஹெர்ட்ஸ் ஒலிக்கு சுமார் 35 டெசிபல் கழித்துவிடுவார்கள்.

இப்போ தம்பியின் 70ஐ எடுங்க. கழித்த 35ஐத் திரும்பச் சேருங்க. 105. இத்தனைக்கும் போனில் இருக்கும் குட்டி மைக் இவ்வளவு அடி ஒலியைச் சரியாகப் பிடிக்காது. உண்மை அளவு இன்னும் கூடவே இருக்கலாம்.

ஆக, 105 காற்றின் கணக்கு. 70 காதின் கணக்கு. நெஞ்சுக்குத் தெரிந்தது காற்றின் கணக்கு. அதான் அதிருது.

"அப்போ காதுக்கு 70தானே, பயமில்லையே?" என்று கேட்பீர்கள். டெஸ்ட் டோன் மட்டும் கேட்பதாக இருந்தால் அது ஓரளவு சரி. ஆனால் யாரும் டெஸ்ட் டோன் கேட்டுக்கொண்டே திருச்சிக்குப் போவதில்லை. பாட்டுதான் கேட்கிறோம். பிரச்சனை அங்கே ஆரம்பிக்கிறது.

*

இன்னொரு டெலிபோன்காரரைப் பார்ப்போம். ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில், தபால் துறையின் டெலிபோன் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர் ஜார்ஜ் வான் பெக்கெஷி. இயற்பியல் படித்தவர். இறந்தவர்களின் உள்காதை நுட்பமாகத் திறந்து, அதில் வெள்ளித் துகள்களைத் தூவி, விட்டு விட்டு மின்னும் விளக்கில் மைக்ராஸ்கோப் வைத்துப் பார்த்தார். ஒலி உள்ளே போகும்போது காக்ளியா என்ற நத்தைச் சுருளின் சவ்வில் ஒரு அலை ஓடுவது தெரிந்தது. கீச்சு ஒலிகளின் அலை வாசலிலேயே உச்சத்தைத் தொட்டு அடங்கிவிடும். அடி ஒலிகளின் அலை வாசலைக் கடந்து, சுருளின் கடைசி முனை வரை போய் உச்சத்தைத் தொடும்.

ஒரு டெலிபோன் இன்ஜினியருக்கு 1961ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது இதற்காகத்தான்.

இந்த அலைதான் நுண்முடி செல்களை அசைக்கிறது. ஒரு காதில் சுமார் 15,000 செல்கள். பிறக்கும்போது கிடைத்ததோடு சரி. செத்தால் மறுபடி முளைக்காது. தோல், கல்லீரல் போல இல்லை இது.

அதிக சத்தத்தில் பல வருஷம் இருந்தவர்களின் காதைப் பரிசோதித்தால், ஆடியோகிராமில் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் தெரியும். பாஸ் பகுதியில் அல்ல. பாட்டில் குரலின் 'ச', 'ஸ', 'த' தெளிவாகக் கேட்கும் மேல் பகுதியில். நம் காதுக்குழாயே 3000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தை இயல்பாகப் பெரிதாக்கி அனுப்புவதும் இதற்கு ஒரு காரணம்.

அப்போ ஊஃபருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இதற்கும் பெல் கம்பெனியிலேயே விடை இருந்தது. 1924ல் வீகல், லேன் என்ற இருவர் ஒன்றைக் காட்டினார்கள்: பலமான அடி ஒலி, தனக்கு மேலே இருக்கும் ஒலிகளை மூடி மறைக்கும். மேல் ஒலி அடி ஒலியை அவ்வளவாக மறைக்காது. அடி ஒலியின் அலை சுருள் முழுக்கப் பயணம் செய்வதால் வழியில் இருப்பதையெல்லாம் அது ஆட்டிவிட்டுத்தான் போகிறது.

காருக்குள் என்ன நடக்குதுன்னு இப்போ பாருங்க. டயர், என்ஜின், காற்று, இந்த மூன்றின் இரைச்சலும் பெரும்பாலும் அடி ஒலி. அது பாட்டின் பாஸை விழுங்கும். உடனே நாம் வால்யூமைக் கூட்டுவோம். பாஸோடு சேர்ந்து குரலும், சிம்பலும், வயலினும் கூடும். ஊஃபரை வேண்டிய அளவுக்கு மேல் வைத்தாலோ, பாஸ் குரலை மறைக்கும். "பாட்டே கேக்கலியே" என்று மறுபடியும் வால்யூமைக் கூட்டுவோம்.

ரெண்டு வழியிலும் அடி வாங்குவது அந்த 4000 ஹெர்ட்ஸ் செல்கள்தான்.

*

சரி, பாஸ் இவ்வளவு கஷ்டமானது என்றால் டிக்கிக்குள் எப்படி வந்தது?

பாஸ் வேண்டும் என்றால் நிறையக் காற்றைத் தள்ளணும். அதற்குப் பெரிய கோனும், பெரிய பெட்டியும் வேணும். அன்றைய நல்ல ஸ்பீக்கர் பெட்டி பீரோ சைஸில் இருந்தது. 1954ல் எட்கர் வில்ச்சர் என்பவர் மாற்றி யோசித்தார். பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே ஸ்பிரிங் மாதிரி பயன்படுத்தினார். புத்தக அலமாரியில் வைக்கும் சைஸ் பெட்டியில் ஆழமான பாஸ் வந்தது. ஆனால் ஒரு விலை. சின்னப் பெட்டியைப் பேச வைக்க அதிக வாட்ஸ் வேணும்.

கே.எல்.எச். ஸ்பீக்கர் கம்பெனியின் ஹாஃப்மன் பெயரில் இதை ஒரு விதியாகவே சொல்வார்கள்: ஆழமான பாஸ், சின்னப் பெட்டி, குறைந்த வாட்ஸ். இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும்.

1961ல் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல், பிறகு 1970களில் ரிச்சர்ட் ஸ்மால் இருவரும் எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு பெட்டி என்பதைக் கணக்காகவே எழுதிவிட்டார்கள். இன்றைக்கும் ஊஃபர் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவுகள் இவர்கள் பெயரில்தான் இருக்கும்.

காரில் பெட்டிக்கு இடம் கம்மி. ஆகவே வாட்ஸ் வேணும். ஆனால் கார் பேட்டரி 12 வோல்ட்தான். வண்டி ஓடும்போது 14.4 வோல்ட் என்று வைத்துக்கொண்டாலும், 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு சானலில் சுத்தமாக 26 வாட்ஸுக்கு மேல் தர முடியாது. இது பள்ளிக்கூட ஃபிஸிக்ஸ் கணக்கு. "50 வாட்ஸ் இன்டு 4" என்று செட்டின் முகப்பில் எழுதியிருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

இந்தத் தடையை உடைக்கப் பல கைகள் தேவைப்பட்டன. 1950களின் நடுவில் கிரைஸ்லர் கார்களுக்கு ஃபில்கோ நிறுவனம் முழுக்க டிரான்சிஸ்டரில் ஓடும் ரேடியோவைச் செய்தது. வால்வு போனது, சூடு குறைந்தது. 1956 மாடல்களில் கிரைஸ்லர் காருக்குள் ரெக்கார்ட் பிளேயரே வைத்துப் பார்த்தது. சில வருஷத்தில் அதைக் கைவிட்டார்கள். மோட்டோரோலாவின் முதல் ரேடியோவுக்கு உதவிய அந்த வில்லியம் லியர் பிறகு 8 டிராக் டேப்பைக் கொண்டுவந்தார். 1966 மாடல் ஃபோர்டு கார்களில் அது ஏறியது. அவருடைய நண்பர் எல்மர் வேவரிங், மோட்டோரோலாவில் இருந்தபடியே கார்களுக்கு ஆல்டர்னேட்டர் வரக் காரணமானவர்களில் ஒருவர். ஆல்டர்னேட்டர் இல்லாமல் பெரிய ஆம்ப் கிடையாது.

1970களில் அரிசோனா மாகாணத்தில் ஜிம் ஃபாஸ்கேட் காருக்கென்றே பலமான ஆம்ப்ளிஃபையர்களைச் செய்து, பாஸைத் தனியாகத் தூக்கிக் கொடுக்கும் வசதியையும் சேர்த்தார். உள்ளே 12 வோல்ட்டை ஏற்றி அதிக வோல்ட்டாக மாற்றும் ஆம்ப்கள் பரவலானதும் தடை போயே போச்சு.

காருக்கு இயற்கையாகவே ஒரு வசதியும் உண்டு. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலையின் நீளம் எட்டரை மீட்டர். கேபின் அதில் பாதிகூட இல்லை. ஆகவே அந்த அலை உள்ளே ஓட இடமில்லை. மூடிய கேபினில் காற்றின் அழுத்தம் மட்டும் ஏறி இறங்கும். அதனால் வீட்டு ஹாலில் முக்கி முனகும் அதே ஊஃபர், காரில் பூதமாக மாறும்.

*

கருவி தயார். அதற்கேற்ற இசையும் வந்தது.

1980ல் ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி டி.ஆர்.808 என்ற டிரம் மிஷினை வெளியிட்டது. நிஜ டிரம் மாதிரி இல்லை என்று பலர் ஒதுக்கினார்கள். 1983ல் உற்பத்தியே நின்றது. ஆனால் அதன் பேஸ் டிரம், 50 ஹெர்ட்ஸ் பக்கத்தில் நீளமாக 'பூம்ம்ம்' என்று இழுக்கும். பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைத்த அந்த மிஷினை இளம் கலைஞர்கள் வாங்கினார்கள். மயாமி நகரில் 'மயாமி பேஸ்' என்று ஒரு இசை வகையே பிறந்தது. வீட்டில் சின்ன ஸ்பீக்கரில் அது பாதிதான் கேட்கும். முழுசாகக் கேட்க கார் வேணும், டிக்கியில் ஊஃபர் வேணும்.

அதே நேரம் கம்பெனிகள் சும்மா இருக்குமா? ஜெனரல் மோட்டார்ஸ், அமர் போஸின் நிறுவனத்தோடு சேர்ந்து, ஒவ்வொரு மாடல் காரின் கேபினுக்கும் தனியாக அளந்து செய்த ஸ்டீரியோவை 1983 மாடல் கேடிலாக் செவில் போன்ற கார்களில் விற்க ஆரம்பித்தது. முன்பே சொன்னேனே, வெளியே பிறந்தது உள்ளே வரும் என்று. அதேதான்.

சத்தம் ரோட்டுக்கு வந்தது. அடி ஒலி சுவரைச் சுலபமாகத் தாண்டும். பாட்டு கேட்காது, 'டொம் டொம்' மட்டும் படுக்கையறைக்குள் வரும். சட்டங்கள் போட்டார்கள். ஃபுளோரிடாவில் 25 அடி தள்ளி நின்று தெளிவாகக் கேட்டால் அபராதம். அதை எதிர்த்து வண்டி ஓட்டுநர்கள் வழக்குப் போட, 2012ல் அந்த மாகாண உச்ச நீதிமன்றம் சட்டத்தையே ரத்து செய்தது. வியாபாரத்துக்கும் அரசியலுக்கும் ஓடும் ஒலிபெருக்கி வண்டிகளுக்கு அதில் விலக்கு கொடுத்திருந்தார்கள். அவர்கள் கத்தினால் தப்பில்லை, இவன் பாட்டுக் கேட்டால் தப்பா என்பதுதான் கேள்வி.

இந்தப் பக்கம் போட்டிகளும் வளர்ந்தன. யாருடைய கார் அதிக டெசிபல் என்று. உச்சப் பிரிவுகளில் 170ஐத் தாண்டினார்கள். அந்த அளவில் காருக்குள் ஆள் உட்காருவதில்லை. கதவை மூடி வெளியிலிருந்து இயக்குவார்கள். கேட்க முடியாத ஸ்டீரியோவுக்குக் கோப்பை கொடுத்தார்கள் என்பதையும் வரலாற்றில் எழுதித்தான் ஆகணும்.

*

இப்போ ஒரு டாக்டராக எனக்கு மறக்க முடியாத கட்டுரைக்கு வருகிறேன்.

2004ல் 'தோராக்ஸ்' என்ற நுரையீரல் மருத்துவ இதழில் பெல்ஜியம், பிரிட்டன் மருத்துவர்கள் நான்கு ஆண்களைப் பற்றி எழுதினார்கள். நால்வருக்கும் திடீரென்று நெஞ்சு வலி, மூச்சுத் திணறல். நியூமோதோராக்ஸ். அதாவது நுரையீரலின் மேற்பரப்பில் சின்னக் கிழிசல் விழுந்து, காற்று வெளியே கசிந்து, நுரையீரல் சுருங்கிப் போவது. உயரமாக, ஒல்லியாக இருக்கும் இளைஞர்களுக்கும், புகைப்பவர்களுக்கும் இது காரணமே இல்லாமலும் வரும். இந்த நால்வருக்கும் பொதுவாக இருந்தது, அது நடந்தபோது பலமான இசைக்குப் பக்கத்தில் இருந்தார்கள் என்பது. மற்றவர்கள் கச்சேரியிலும் கிளப்பிலும் ஸ்பீக்கர் அருகே நின்றவர்கள். ஒருவர் மட்டும் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தக் காரில் 1000 வாட்ஸ் பாஸ் பெட்டி பொருத்தியிருந்தார்.

நுரையீரலின் காற்றும் திசுவும் பலமான அழுத்த மாற்றத்துக்கு வேறு வேறு விதமாக அசைவதால் பலவீனமான இடம் கிழிந்திருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். நாலே பேர். இதை வைத்து "ஊஃபர் போட்டால் நுரையீரல் வெடிக்கும்" என்று வாட்ஸ்அப்பில் பரப்பிவிடாதீர்கள். ஊஃபர் உள்ள லட்சக்கணக்கானவர்களுக்கு அப்படி ஆவதில்லை. ஆனால் ஒன்று. பலமான பாஸ் ஓடும் இடத்தில் யாருக்காவது திடீரென ஒரு பக்க நெஞ்சு வலியும் மூச்சுத் திணறலும் வந்தால், "கேஸ் தான்" என்று சோடா குடித்துவிட்டு உட்காராதீர்கள். உடனே ஆஸ்பத்திரி. ஒரு எக்ஸ்ரே பெரும்பாலும் சொல்லிவிடும்.

*

தம்பி கேள்விக்குத் திரும்புவோம். ஏன் கம்பெனி ஸ்டீரியோவைக் கழட்டாமல் ஊஃபர் மட்டும்?

முன்பெல்லாம் கார் ஸ்டீரியோ 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம் என்ற ஜெர்மன் அளவில் ஒரு டப்பா. உருவிவிட்டு வேறொன்றைச் செருகலாம். இப்போ ஸ்கிரீன்தான் எல்லாம். ரிவர்ஸ் கேமரா, ஏசி, வண்டி செட்டிங் எல்லாம் அதற்குள். அமெரிக்காவில் 2018 மே மாதத்திலிருந்து புதிய கார்கள் எல்லாவற்றுக்கும் பின்பக்கக் கேமரா கட்டாயம். ஸ்கிரீனைக் கழட்டினால் வண்டியே பாதி ஊமை. ஆகவே அதை அப்படியே விட்டு, ஸ்பீக்கர் வயரிலிருந்து சிக்னலை எடுத்து, லைன் அவுட்புட் கன்வெர்ட்டர் வழியாக ஆம்புக்குக் கொடுக்கிறார்கள்.

இதில் ரெண்டு சிக்கல். ஒன்று, வால்யூம் ஏற ஏற, கதவில் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் கிழியாமல் இருக்க சில கம்பெனி செட்கள் தாங்களாகவே பாஸைக் குறைத்துவிடும். ஊஃபருக்கும் அந்தக் குறைந்த பாஸே போகும். விஷயம் தெரியாதவர் கெயினை முழுக்கத் திருகி வைப்பார். பிறகு மெதுவாக வைத்தால் ஒரே இரைச்சல், சத்தமாக வைத்தால் பாஸ் இல்லை. இரண்டு, சில கார்களில் என்ஜின் முனகலை எதிர் ஒலி கொடுத்து அழிக்க கூரையில் மைக் இருக்கும். அது உங்கள் ஊஃபரை என்ஜின் என்று நினைத்துச் சண்டை போடும். இந்த இரண்டையும் பற்றிக் கடைக்காரரிடம் கேளுங்க. விழித்தால் வேறு கடை பாருங்க.

நான் தம்பிக்குச் சொன்னது இவ்வளவுதான்.

1. ஊஃபர் போடு. தப்பில்லை. ஆனா அது வால்யூமைக் குறைப்பதற்காக இருக்கட்டும். பாஸ் போதுமான அளவு இருந்தால், முன்பு 25ல் வைத்த பாட்டை 18ல் ரசிக்க முடியணும். முடியலைன்னா செட்டிங் தப்பு.

2. சின்ன, மூடிய பெட்டி போதும். கேபினே பாதி வேலையைச் செய்துவிடும்.

3. பேட்டரியிலிருந்து வரும் வயரில், பேட்டரிக்கு ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருக்கணும். 500 வாட்ஸ் ஆம்ப் 45 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வங்கிக்காரர் கார் ஞாபகம் இருக்கட்டும்.

4. 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 94ல் 1 மணி நேரம். 100ல் 15 நிமிஷம். இது ஏ கணக்கு. அதாவது உன் ஆப் பாட்டு ஓடும்போது காட்டும் எண்ணை நம்பலாம், டெஸ்ட் டோனுக்குக் காட்டும் எண்ணை வைத்து நிம்மதி அடையாதே.

5. பின்னால் வரும் ஆம்புலன்ஸ் சைரன் கேட்கணும். கேட்கலைன்னா உள்ளே இருப்பவர் யாரோ ஒருத்தருடைய அப்பா. எமர்ஜென்சி வார்டு வாசலில் நின்று காத்திருக்கிறவன் நான், அதனால் சொல்கிறேன்.

6. பின் சீட்டில் குழந்தை இருந்தால் ஊஃபரை ஆஃப் செய். டிக்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அதுதான். அதற்கு வால்யூமைக் குறைக்கத் தெரியாது.

7. காசு செலவில்லாத ஒரு டெஸ்ட். ராத்திரி நீண்ட டிரைவ் முடிந்து வால்யூமைத் தொடாமல் வண்டியை ஆஃப் செய். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது பாட்டு சத்தம் தூக்கிவாரிப் போட்டால், நேற்று உன் காது களைத்து மந்தமாகிப் போயிருந்தது என்று அர்த்தம். ராத்திரி ஓய்வில் தேறிவிட்டது. தினமும் இப்படி நடந்தால் ஒரு நாள் தேறாது.

தம்பி சரி என்று வைத்துவிட்டான். ரெண்டு நாள் கழித்து மறுபடி போன்.

"அண்ணே, ஊஃபர் இன்னும் போடல. கம்பெனி செட்லயே அந்த டெஸ்ட் பண்ணிப் பாத்தேன். காலைல சாவியைத் திருப்பினதும் பதறிப்போய் ஆஃப் பண்ணிட்டேன். நேத்து நைட்டு அது சத்தமாவே தெரியலண்ணே. அப்புறம்... ராத்திரி படுத்தா காதுல 'ங்ஙொய்'னு ஒண்ணு கேக்குதே, அதுவும் இதுவா?"

எத்தனை நாளாடா என்று கேட்டேன். நாலு மாசமாம்.

அவன் எனக்குப் போன் செய்ததே அதைக் கேட்கத்தானோ என்னவோ. ஊஃபர் ஒரு சாக்கு. சனிக்கிழமை காது மூக்கு தொண்டை நிபுணரிடம் ஆடியோகிராம் எடுக்க வரச் சொல்லியிருக்கிறேன். நானும் கூடப் போகிறேன்.

நீங்களும் இன்று ராத்திரி வண்டியை நிறுத்தும்போது வால்யூமைத் தொடாமல் நிறுத்திப் பாருங்க. காலையில் என்ன ஆச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க.